சீல் அப்படியேதான் இருந்துச்சு

சாவிய திருப்பினா 'டக்'னு ஒரு சத்தம். அப்புறம் ஒண்ணுமில்ல. திரும்பவும் திருப்பினா திரும்பவும் 'டக்'. டேஷ்போர்டுல எல்லா லைட்டும் ஜெகஜ்ஜோதியா எரியுது, ரேடியோ பாடுது, இன்ஜின் மட்டும் எனக்கென்னன்னு கெடக்குது. என்னை மாதிரி கார் பைத்தியத்துக்கு இந்த சத்தம்னா உயிர். ஏன்னா இதுக்கு நாலஞ்சு குத்தவாளிங்க இருக்கலாம். பேட்டரியா இருக்கலாம், வயரா இருக்கலாம், ஸ்டார்ட்டர் மோட்டாரா இருக்கலாம். ஒவ்வொருத்தரா கூப்பிட்டு விசாரிச்சு வெளிய அனுப்பணும், கடைசியா நிக்கறவன்தான் ஆளு.

எங்க சித்திக்கு அந்த விசாரணையே தேவைப்படல. அவங்களுக்கு குத்தவாளி ஒரே ஒருத்தர்தான். அவங்க கொழுந்தனார்.

சித்திய பத்தி சொல்லிடறேன், இல்லன்னா இது புரியாது. அவங்க ஒரு லேபுல வீடு வீடா போய் ரத்தம் எடுக்கற வேலை பாக்கறாங்க. விடியறதுக்கு முன்னாடியே கிளம்பணும். வெறும் வயித்துல ரத்தம் குடுக்கணும்னு டீ கூட குடிக்காம வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கற வயசானவங்கதான் பாதி பேரு. எடுத்த ரத்தத்த ஐஸ் பெட்டில வச்சு, அது கெட்டுப்போறதுக்குள்ள லேபுல சேக்கணும். அதுக்காகவே கார் ஓட்ட கத்துக்கிட்டாங்க. அதுக்காகவே யாரோ ஓட்டித் தேஞ்ச ஒரு சின்ன காரையும் வாங்கினாங்க. பின் சீட்டுல ஐஸ் பெட்டி, முன் சீட்டுல பிஸ்கட் பொட்டலம். ரத்தம் குடுத்துட்டு மயக்கம் வருதுங்கறவங்களுக்கு.

குடும்பத்துல அவங்களுக்கு பேரு சி.ஐ.டி. பால் பாக்கெட்ட பிரிக்காமலே மோந்து பாப்பாங்க. புது சிலிண்டர் வந்தா காதுகிட்ட வச்சு ஆட்டாத குறை. ஓட்டல்ல சமையக்கட்டு தெரியற மாதிரிதான் உக்காருவாங்க. சித்தப்பா சட்டைல ஒரு பட்டன் மட்டும் வேற நூல்ல இருந்தா, யாரு தச்சதுன்னு கேள்வி வரும். அவரு பாவம், தானே தச்சதுன்னு நிரூபிக்க ஊசி குத்தின வெரல காட்டுவாரு. நாங்கல்லாம் சிரிப்போம். சித்தியும் சிரிப்பாங்க, ஆனா அந்த வெரல ஒரு தடவ நல்லா பாத்துட்டுதான் சிரிப்பாங்க.

எப்பவுமே இப்படி இல்லையாம், எங்கம்மா சொல்லுவாங்க. லேபுல ஒருக்கா ரெண்டு பேரோட ரத்தம் மாறிப்போச்சு. நல்லா இருந்த மனுஷனுக்கு சக்கரை எகிறி நிக்குதுன்னு ரிப்போர்ட். அவரு மாத்திரைய முழுங்கிட்டு பாத்ரூம்ல மயங்கி விழுந்துட்டாரு. பழி சித்தி மேல. ரத்தம் எடுத்தவதான் மாத்தியிருப்பான்னு ஒரே பேச்சு. டியூப தொடக்கூடாதுன்னு சொல்லி, ஆபீஸ் மூலையில ஒரு ஸ்டூல்ல உக்கார வச்சுட்டாங்க. லேபுக்குள்ளயே பேர் ஒட்டறவரு கவனமில்லாம மாத்தி ஒட்டிட்டாருன்னு ரொம்ப நாள் கழிச்சுதான் வெளிய வந்துச்சு. சாரின்னு ஒரு வார்த்தை யாரும் சொல்லல. சித்தி என்கிட்ட அத பத்தி பேசினது ஒரே ஒரு தடவதான். "அந்த ஸ்டூல்ல உக்காந்திருந்த வரைக்கும் ஒருத்தர் என் மூஞ்சிய பாக்கலடி. என்னைத் தாண்டி சுவத்த பாத்துதான் பேசினாங்க."

அதுலருந்துதான் சீல். டியூபுல பேர் ஒட்டறதுக்குன்னு லேபுல வெள்ளை ஸ்டிக்கர் ரோல் குடுப்பாங்க. பேப்பர் இல்ல, மெல்லிசு பிளாஸ்டிக். ஐஸ் பெட்டில தண்ணி வேர்த்தாலும் உரியாது. அதுல நூல் மாதிரி ஒரு துண்டு வெட்டி, ஒரு முனைய மட்டும் சாய்வா நறுக்கி, டியூப் மூடிய சுத்தி ஒட்டிடுவாங்க. யாரு திறந்தாலும் கிழிஞ்சிடும். அந்த சாய்வு வெட்டுதான் அவங்க அடையாளம்.

இப்ப கொழுந்தனார் கதைக்கு வர்றேன். சித்தப்பாவோட தம்பி. எனக்கு அவரும் சித்தப்பாதான், ஆனா எல்லாரும் பெட்டின்னு சொல்றதால எனக்கு பெட்டி சித்தப்பா. போற எடமெல்லாம் ஒரு சூட்கேஸோட போவாரு, எங்க போனாலும் அத முழுசா பிரிக்க மாட்டாரு. செல்போன் கவர் கடை வச்சாரு, நிக்கல. அந்த சண்டையில அவரு சம்சாரம் குட்டிப்பொண்ண கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்கு போயிட்டாங்க. அப்புறம் இவரு நண்பன் ரூம்ல கொஞ்ச நாள், ஒரு லாட்ஜுல கொஞ்ச நாள். கடைசியா சித்தி வீட்டுக்கு பக்கத்துல ஒரு மருந்து குடோன்ல பேக்கிங் வேலை கெடச்சு, இங்க வந்து இறங்கினாரு. அவரு சம்சாரம் ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருந்தாங்க. நீங்க நிலையா ஒரு வீட்டுல இருக்கீங்கன்னு தெரிஞ்சா, ஞாயித்துக்கிழமைல புள்ளைய அனுப்பறேன். லாட்ஜுக்கெல்லாம் அனுப்ப மாட்டேன்.

இது வீட்டுல எல்லாருக்கும் தெரியும். சித்திக்கும் தெரியும். முன் ரூம்ல அவருக்கு பாய் தலையணை எடுத்து குடுத்ததே சித்திதான். அந்த ரூம் ஜன்னல திறந்தா நேரா கார் ஷெட்டு.

அவரு வந்த கொஞ்ச நாள்லயே முதல் 'டக்'.

விடியக்காலைல சித்தி சாவிய திருப்பறாங்க, வண்டி எழுந்திரிக்கல. போன் மேல போன் வருது, எங்கம்மா இருக்கீங்க, தலை சுத்துதுன்னு. எதிர்வீட்டு டாக்ஸிக்காரர்தான் கேபிள் கொண்டாந்து அவரு பேட்டரில இருந்து கரண்ட் குடுத்து கிளப்பி விட்டாரு. சாயங்காலம் பேட்டரி கடைக்காரர் வந்து கழட்டிட்டு போய் சார்ஜ் பண்ணி கொண்டாந்து மாட்டினாரு. கைய தொடச்சுக்கிட்டே, பேச்சு வாக்குல, நல்ல பேட்டரிம்மா இது, தானா இறங்காதே, யாராச்சும் கை வச்சாங்களான்னு கேட்டாரு. அவரு கேட்டுட்டு அடுத்த வண்டிய பாக்க போயிட்டாரு. சித்தி காதுல அது கோர்ட்டு தீர்ப்பு மாதிரி எறங்கிடுச்சு.

காரோட பின்பக்க வலது கதவு பூட்டு ரொம்ப நாளா வேலை செய்யாது. வீட்டுக்காரங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம் அது. அந்த கதவ திறந்து உள்ள போயிட்டா, முன்னாடி பானட் லிவர் கைக்கு எட்டிடும்.

அன்னைக்கு சாப்பிடறப்ப சித்தி சாதாரணமா கேக்கற மாதிரி, வண்டி பக்கம் போனீங்களா தம்பின்னு கேட்டாங்களாம். இல்ல அண்ணின்னு அவரு உடனே சொல்லிட்டாரு. ரொம்ப உடனே. அப்புறம் டம்ளர் நெறைய தண்ணி இருக்கறப்பவே மேல தண்ணிய ஊத்தி வழிய விட்டாரு. இத சித்தி என்கிட்ட சொன்னப்ப அவங்க கண்ணு அப்படியே மின்னுச்சு. "பொய் சொல்றவனுக்கு கை சும்மா இருக்காதுடி."

அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சுது. வாரத்துல ரெண்டு நாள், மூணு நாள், காலைல 'டக்'. டாக்ஸிக்காரர் கேபிள் குடுத்தா உடனே ஸ்டார்ட் ஆயிடும். அப்ப பேட்டரிதான் வீக்குன்னு கடைக்காரர கூப்பிட்டா, அவரு மெஷின வச்சு பாத்துட்டு, கல்லு மாதிரி இருக்கு பேட்டரின்னுவாரு. மெக்கானிக் ஸ்டார்ட்டர் மோட்டார கழட்டி சுத்தம் பண்ணி மாட்டினாரு. ரெண்டு நாள் ஓடுச்சு, மூணாம் நாள் மறுபடி 'டக்'. நானும் கொஞ்சமா பேசினேன்? ஸ்டார்ட்டர்தான், சத்தியமா ஸ்டார்ட்டர்தான்னு வீடியோவெல்லாம் காட்டினேன். சித்தி கேக்கவே இல்ல.

"அவரு வந்த அப்புறந்தானே இப்படி?" ன்னாங்க. அது உண்மைதான்.

நான் சீல் வச்சிருக்கேன்னு ஒரு நாள் சித்தி மெதுவா சொன்னாங்க. வண்டில ஒரு எடத்துல. எங்கன்னு சொல்ல மாட்டேன்னுட்டாங்க, உன்கிட்ட சொன்னா உங்கம்மாவுக்கு போகும், அங்கருந்து ஊருக்கே போகும்னு. தினம் காலைல ஆயில் பாக்கற மாதிரி பானட்ட தூக்கி, டார்ச் அடிச்சு, ஏதோ பாத்துட்டு மூடுவாங்க. சீல் கிழியவே இல்லையாம். அப்ப யாரும் தொடலன்னுதானே சித்தி அர்த்தம்னு கேட்டேன். அவங்க என்னை பாத்த பார்வை இருக்கே. இன்னும் பால்குடி மறக்காத புள்ளைய பாக்கற மாதிரி.

"சீல தொடாமலே வேலைய காட்டறாருடி. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் இருக்கணும்?"

யோசிச்சு பாருங்க. கிழிஞ்சிருந்தா அவரு குத்தவாளி. கிழியலன்னா இன்னும் பெரிய குத்தவாளி. அந்த வீட்டுல அவரு மூச்சு விட்டாலும் சாட்சியா மாறிடுச்சு. வண்டி கிளம்பாத காலைல எல்லாம் ஜன்னல் திரைக்கு பின்னாடி அவரு நிக்கறத சித்தி பாத்துட்டாங்க. தள்ளட்டுமா அண்ணின்னு ஓடி வந்தாரு, அதுவும் தப்பா போச்சு. செஞ்சவன்தான் முதல் ஆளா ஓடி வருவானாம். ஒரு நாள் பஸ் ஸ்டாப் பெஞ்சுல உக்காந்து வாய பொத்திக்கிட்டு போன் பேசிக்கிட்டிருந்தாரு, சித்தி கார பாத்ததும் டக்குனு கட் பண்ணிட்டாரு. அன்னைக்கு ராத்திரி சித்தப்பாவுக்கு தூக்கம் போச்சு. சித்தப்பா லைப்ரரில வேலை பாக்கறவரு, வீட்டுலயும் லைப்ரரி மாதிரியேதான் பேசுவாரு, குசுகுசுன்னு. தம்பிய ஏதாச்சும் கேக்கணும்னா கூட புத்தகத்துக்கு பின்னாடி இருந்துதான் கேப்பாரு.

அண்ணன் வீட்டு வண்டிய கெடுத்து இவருக்கு என்ன ஆகப்போகுதுன்னு நான் கேட்டேன். சித்தி அதையும் யோசிச்சு வச்சிருந்தாங்க. ராத்திரில வெளிய எடுத்துட்டு போக பாக்கறாரு, சாவி இல்லாம வயர கிண்டறாரு, அதுல ஏதோ ஆகுது. இல்லன்னா நான் சம்பாதிக்கறது புடிக்கல. இல்லன்னா கடை நஷ்டத்துல வந்த பொறாமை. காரணம் ஒண்ணு போனா ஒண்ணு வரிசையில நின்னுச்சு.

சனிக்கிழமை லேபுல இருந்து கடைசி எச்சரிக்கை வந்துச்சு. இன்னொரு தடவ லேட்டானா அந்த ஏரியாவ பைக்குல போற பையனுக்கு குடுத்துடுவோம்னு. சித்தி வீட்டுக்கு வந்ததும் கைய கழுவல, செருப்ப கழட்டல. நேரா சமையக்கட்டுல இருந்த சித்தப்பாகிட்ட போய், நாளைக்கு உங்க தம்பி வேற எடம் பாத்துக்கட்டும்னுட்டாங்க. அவரு நாளைக்கு புள்ள வருதேன்னு முனகியிருக்காரு. ஆமா, அந்த ஞாயித்துக்கிழமைதான் குட்டி முதல் தடவையா அப்பாவ பாக்க வர்றதா இருந்துச்சு. பாத்துட்டே போகட்டும்னாங்க சித்தி.

முன் ரூமுக்கும் சமையக்கட்டுக்கும் நடுவுல ஒரு பலகைச் சுவருதான். பெட்டி சித்தப்பாவுக்கு தனியா யாரும் போய் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல.

ஞாயித்துக்கிழமை காலைல நான் போனதுக்கு காரணம் என் மஞ்சக் கலரு மீட்டர். கரண்ட் அளக்கறது, புதுசா வாங்கினது, கை அரிச்சுக்கிட்டு இருந்துச்சு. வீட்டுக்குள்ள கால வச்சதும் ஏதோ சாவு விழுந்த வீடு மாதிரி இருந்துச்சு. சித்தப்பா பேப்பர்ல ஒரே பக்கத்த வெறிச்சு பாத்துக்கிட்டிருந்தாரு. பெட்டி சித்தப்பா முன் ரூம் வாசல்ல பிளாஸ்டிக் ஸ்டூல்ல, சட்டைய அயர்ன் பண்ணி போட்டுக்கிட்டு, காலுக்கு நடுவுல சூட்கேஸ வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. வாம்மான்னாரு. சிரிக்க பாத்தாரு, வரல.

ஷெட்டுல 'டக்'. அப்புறம் 'டக்'.

சித்தி சீட்டுல உக்காந்து ஸ்டீயரிங்க புடிச்சுக்கிட்டு இருந்தாங்க. டாக்ஸிக்காரர் அன்னைக்கு சவாரி போயிட்டாராம். நான் எதுவும் கேக்காம பானட்ட தூக்கினேன். முதல்ல ஹெட்லைட்ட போட்டு சாவிய திருப்புங்க சித்தின்னேன். ஸ்டார்ட்டர் மோட்டார் கெட்டுப்போயிருந்தா லைட்டு அசராம எரியும். இங்க 'டக்'னு சத்தம் வந்ததும் லைட்டு சுத்தமா படுத்துடுச்சு. அப்ப ஸ்டார்ட்டர் நிரபராதி. என் வாயால நான் செஞ்ச சத்தியம் அங்கயே போச்சு.

அப்புறம் மீட்டர் வயர் நுனியில இருக்கற ரெண்டு முள்ளையும் பேட்டரியோட ரெண்டு ஈயக் குமிழு மேல நேரா வச்சேன். பன்னெண்டரை வோல்ட்டுக்கு மேல காட்டுச்சு. சாவிய திருப்பினா எறங்கணும். எறங்கவே இல்ல. பேட்டரி நெறைய கரண்ட வச்சுக்கிட்டு குடுக்க தயாரா நிக்குது, வாங்கிக்கதான் ஆளு வரல. அப்ப திருடன் பேட்டரிலயும் இல்ல, மோட்டார்லயும் இல்ல. நடுவுல, வழியில நிக்கறான்.

இது ரொம்ப அழகான விஷயம், ஒரு நிமிஷம் சொல்ல விடுங்க. லைட்டு, ரேடியோவெல்லாம் எரிய ஒரு சொட்டு கரண்ட் போதும். குழாய் முக்கால்வாசி அடைச்சிருந்தாலும் சொட்டு வந்துடும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு வெள்ளமே வேணும். அடைப்புல வெள்ளம் வராது, 'டக்'னு ஒரு தட்டு தட்டிட்டு நின்னுடும். அந்த அடைப்பு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க, ஒரு முள்ள பேட்டரியோட குமிழ்லயும் இன்னொரு முள்ள அத கவ்விக்கிட்டிருக்கற கிளாம்ப் மேலயும் வச்சு சாவிய திருப்பணும். ரெண்டும் நல்லா ஒட்டியிருந்தா மீட்டர்ல சைபர். சைபருக்கு மேல ஏறினா நடுவுல ஏதோ இருக்கு.

மைனஸ் பக்கம் வச்சேன். சைபர். பிளஸ் பக்கம் ஒரு சிவப்பு மூடி இருக்கும், அத தள்ளிட்டு வச்சேன். பத்தரை.

கத்திட்டேன். சித்தி நம்பல. நம்பரு அவங்களே பாத்தாதான் நம்புவாங்க, சி.ஐ.டி. இல்லையா. அப்ப சாவிய வேற யாராச்சும் திருப்பணும். சித்தப்பாவுக்கு சாவின்னாலே பயம். நான் ரெண்டு கையிலயும் முள்ள புடிச்சிருக்கேன். பெட்டி சித்தப்பா ஸ்டூல்ல இருந்து பாதி எந்திரிச்சு நின்னாரு, வரட்டுமா வேண்டாமான்னு கேக்கற மாதிரி.

சித்தி சாவிய அவரு கையில குடுக்கல. சீட்டு மேல வச்சுட்டு இந்தப் பக்கம் வந்துட்டாங்க. அவரு அத எடுத்து, கண்ணாடி பாத்திரத்த தூக்கற மாதிரி போட்டு திருப்பினாரு. 'டக்'. பத்தரை.

"இந்த ஈயத்துக்கும் இந்த கிளாம்புக்கும் நடுவுல எதுவோ மாட்டியிருக்கு சித்தி. துருவா இருக்கும், இல்ல ஏதாச்சும் குப்பை."

சித்தி மீட்டர பாக்கல, அந்த சிவப்பு மூடியையே பாத்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம் ஸ்பானர எடுன்னாங்க. நான் கழட்டறேன்னேன். நீ தள்ளுன்னாங்க. மைனஸ முதல்ல கழட்டணும்னு சொன்னேன், அதையும் செஞ்சாங்க. பிளஸ் கிளாம்ப தூக்கி, அந்த குமிழ்ல இருந்து எதையோ நகத்தால உரிச்சாங்க. வெள்ளையா ஒண்ணு தெரிஞ்சுது எனக்கு. அடுத்த நொடி அது உள்ளங்கைக்குள்ள போயிடுச்சு. பழைய துணிய வச்சு தேச்சு, கிளாம்ப மாட்டி, இறுக்கி, இப்ப திருப்ப சொல்லுன்னாங்க. குரலே அவங்க குரலா இல்ல.

ஒரே திருப்பு. இன்ஜின் உறுமுச்சு. ஷெட்டே அதிர்ந்துச்சு.

நான் குதிச்சிருப்பேன், ஆனா அந்த மூடின கைய பாத்துட்டேன். என்ன அது? ஏன் மறைக்கறாங்க? இத்தன நாள் சித்தி எல்லாரையும் பாத்த கண்ணால முதல் தடவையா நான் சித்திய பாத்தேன்.

சத்தம் கேட்டு சித்தப்பா பேப்பரோட ஓடி வந்தாரு. என்னதான் ஆச்சுன்னாரு. கிளாம்ப்ல கனெக்ஷன் சரியில்ல சித்தப்பான்னேன். அவரு மூஞ்சில ஒரு நிம்மதி வந்துச்சு. வந்த வேகத்துலயே போச்சு. மெதுவா தம்பி பக்கம் திரும்பினாரு. லைப்ரரி குரல் எங்க போச்சோ தெரியல.

"கிளாம்ப்ல கை வச்சது யாருடா? போறது போற, உண்மைய சொல்லிட்டு போ."

"நான் இல்லண்ணே," ன்னாரு பெட்டி சித்தப்பா. யாரும் நம்பப் போறதில்லன்னு தெரிஞ்சே சொல்ற குரல். இன்ஜின அணைச்சாரு. சாவிய எடுத்த அதே எடத்துல, சீட்டு மேல வச்சாரு. போய் அந்த ஸ்டூல்ல உக்காந்து சூட்கேஸ் கைப்பிடிய புடிச்சுக்கிட்டாரு. சித்தப்பா அவர பாக்காம, அவருக்கு பின்னாடி இருந்த சுவத்த பாத்துக்கிட்டு நின்னாரு.

சித்தி அந்த ரெண்டு பேரையும் பாத்தாங்க. ஸ்டூல பாத்தாங்க. ஒரு வார்த்தை பேசாம இருந்திருந்தா அந்த விஷயம் அங்கயே முடிஞ்சிருக்கும். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. நான் பாத்தது அவங்களுக்கு தெரியாது.

"அவர கேக்காதீங்க," ன்னாங்க. கைய விரிச்சாங்க. "இது என்னோடது."

உள்ளங்கையில ஒரு ஸ்டிக்கர் துண்டு. சூட்டுல ஓரமெல்லாம் பழுப்பேறி, சுருண்டு போயிருந்துச்சு. ஒரு முனை மட்டும் சாய்வா நறுக்கியிருந்துச்சு.

பேட்டரிய சார்ஜ் பண்ணி மாட்டின அன்னைக்கே, கடைக்காரர் போனதும், கிளாம்ப கழட்டி, ஸ்டிக்கர கொஞ்சம் அகலமா வெட்டி அந்த குமிழ சுத்தி ஒட்டி மறுபடி இறுக்கியிருக்காங்க. வெளிய ஒட்டினா திருடனுக்கு தெரிஞ்சிடுமாம். உள்ள ஒட்டினா தெரியாதாம். சிவப்பு மூடிக்கு கீழ ஓரம் மட்டும் கொஞ்சம் நீட்டிக்கிட்டு இருக்கற மாதிரி விட்டிருக்காங்க, டார்ச் அடிச்சு பாக்க. தண்ணியே போகாத பிளாஸ்டிக்ல கரண்ட் எப்படி போகும்? கிளாம்ப் ஓரம் குமிழ்ல நல்லா பட்ட நாள் ஸ்டார்ட் ஆச்சு, பட்டும் படாம இருந்த நாள் 'டக்'. டாக்ஸிக்காரர் கேபிள கிளாம்ப் மேல போட்டதால ஸ்டார்ட் ஆச்சு. கடைக்காரர் மெஷின குமிழு மேல வச்சதால பேட்டரி கல்லு மாதிரி தெரிஞ்சுது. மெக்கானிக் மைனஸ மட்டும் கழட்டிட்டு ஸ்டார்ட்டர எடுத்துட்டாரு. யாரு மேலயும் தப்பு சொல்ல முடியாது. திருடன புடிக்க வச்ச பொறியே வண்டிய கவ்விக்கிட்டு இருந்திருக்கு.

"தினமும் பாத்தேன்," ன்னாங்க சித்தி. "கிழியலன்னு பாத்துட்டு, பாத்த கையோட அவரத்தான் முறைச்சேன்."

சித்தி ரெண்டடி நடந்து அவரு முன்னாடி போய் நின்னு, நேரா மூஞ்சிய பாத்தாங்க.

"முதல்ல அந்த ஸ்டூல்ல இருந்து எந்திரிங்க தம்பி."

சித்தப்பாவுக்கும் அவரு தம்பிக்கும் அது வெறும் ஸ்டூல்தான். லேப் ஸ்டூல்ல யாரும் மூஞ்சிய பாக்காத கதைய சித்தி வாயால கேட்டவ அங்க நான் ஒருத்திதான்.

பெட்டி சித்தப்பா எந்திரிச்சாரு. எந்திரிச்சவரு சும்மா இருந்திருக்கலாம், அவரு பக்கம்தான் காத்தடிக்குதே. ஆனா அவருக்கும் உள்ள ஏதோ அறுத்துக்கிட்டிருந்துச்சு போல.

"முதல் நாள் மட்டும் நான்தான் அண்ணி."

குட்டிகிட்ட போன்ல பேசணும்னா இந்த வீட்டுல எடமே இல்லையாம். பலகைச் சுவரு, அதுக்கு அந்தப் பக்கம் அண்ணி. அதனால ஒரு நாள் சாப்பிட்டதுக்கப்புறம் அந்த பூட்டு கெட்ட கதவ திறந்து கார்ல ஏறி உக்காந்திருக்காரு. எங்கப்பா இருக்கீங்கன்னு புள்ள கேட்டுச்சு. கார்ல இருக்கேன்னாரு. பொய், உங்களுக்கு ஏது காருன்னு சொல்லிச்சு. உடனே இவரு முன்னாடி எட்டி, டேஷ்போர்டுல இருக்கற சிவப்பு முக்கோண பட்டன, நாலு இண்டிகேட்டரும் சேந்து மின்னுமே அத, அமுக்கி, டிக் டிக் டிக்னு போன்ல கேக்க வச்சிருக்காரு. அதுக்கு சாவி தேவையில்ல. புள்ள அந்த சத்தத்த கேட்டுக்கிட்டே தூங்கிடுச்சாம். இவரு பட்டன அணைச்சுட்டு, வீட்டுல யாரும் முழிக்கக்கூடாதுன்னு கதவ சத்தமில்லாம மெதுவா சாத்திட்டு வந்துட்டாரு. அது சரியா மூடல. உள்ள லைட்டு விடிய விடிய எரிஞ்சு பேட்டரிய குடிச்சிடுச்சு. காலைல சித்தி தவிச்சத ஜன்னல்ல நின்னு பாத்துட்டு, சொல்ல வாய் வரல. அப்புறம் ஒவ்வொரு தடவ 'டக்'னு கேக்கறப்பவும், தான் ஏதோ நிரந்தரமா கெடுத்துட்டோம்னே அவரு நெனச்சிருக்காரு. பஸ் ஸ்டாப் பெஞ்சுக்கு போனது அதனாலதான்.

ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. சித்தி மன்னிப்பு கேப்பாங்கன்னு நான் எதிர்பாத்தேன். சி.ஐ.டி. கிட்ட போய் அத எதிர்பாக்கலாமா?

"எந்த கதவு?" ன்னாங்க.

"பின்னாடி. வலது பக்கம்."

"அத இழுத்து சாத்தணும். மெதுவா சாத்தினா புடிக்காது." அப்புறம் அவங்களே கீழ குனிஞ்சு சூட்கேஸ தூக்கினாங்க. கனமில்லாம இருந்திருக்கும் போல, ஒரு நொடி ஆச்சரியப்பட்ட மாதிரி நின்னுட்டு, முன் ரூமுக்குள்ள கொண்டு போய் அலமாரி மேல வச்சாங்க. கைக்கு சீக்கிரம் எட்டாத மேல் தட்டுல. புள்ள எப்ப வருதுன்னு கேட்டாங்க. பதினோரு மணிக்கு அண்ணின்னாரு. "நான் வர்ற வரைக்கும் இருக்க சொல்லுங்க. கார் வேணும்ல அதுக்கு."

போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஐஸ் பெட்டிய எடுத்துக்கிட்டு கிளம்பிட்டாங்க. அந்த ஏரியா தப்பிச்சுதா இல்லையான்னு கேக்காதீங்க, அன்னைக்கு லேட்டுதான். பாதிய பைக்கு பையனுக்கு குடுத்துட்டாங்க. அத பத்தி சித்தி வீட்டுல ஒரு வார்த்தை குறை சொல்லல. அவங்களுக்கு அது ஒரு பெரிய விஷயம்.

மதியம் திரும்பி வந்தப்ப குட்டி வாசல்லயே நின்னுச்சு. ரெட்டை ஜடை, முன் பல்லு ரெண்டு இல்ல. கார பாத்துட்டு அப்பாவ பாத்துச்சு. சித்தி எறங்கி, முன் சீட்டுல கெடந்த பிஸ்கட் பொட்டலத்த அது கையில குடுத்து, அதே சீட்டுல தூக்கி உக்கார வச்சு, சிவப்பு முக்கோணம் எங்க இருக்குன்னு காட்டினாங்க. டிக் டிக் டிக்.

"அப்பா சொன்ன கார் இதுதான் பெரியம்மா," ன்னு குட்டி தீர்ப்பு சொல்லிச்சு. "போன்ல இதே சத்தம்தான் கேட்டுச்சு."

பெட்டி சித்தப்பா அந்த பக்கம் திரும்பி நின்னு ஷெட்டு கூரைய ரொம்ப கவனமா ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தாரு. சித்தி சாவிய அவரு கையில குடுத்தாங்க. சீட்டு மேல வைக்கல. பேசணும்னா உள்ளயே உக்காந்து பேசுங்க, முன்கதவ திறந்தே போங்க, அந்த பின்கதவு மட்டும் வேண்டாம்னாங்க.

எல்லாரும் உள்ள போனதும் நான் மீட்டர பையில போட்டுக்கிட்டிருந்தேன். சித்தி காரச் சுத்தி வந்து, அந்த பின்கதவ ஒரு தடவ இழுத்து பாத்தாங்க. இன்னொரு தடவ இழுத்து பாத்தாங்க. கண்ணாடில மூஞ்சிய ஒட்ட வச்சு, உள்ள லைட்டு எரியுதான்னு பாத்தாங்க. அப்புறம் திரும்பி என்னை பாத்தாங்க.

"நீ ஏண்டி அப்படி பாக்கற?"